தாளே பாதி முகம்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். தோட்டத்தை விட்டுப் பட்டணத்து அடுக்குமாடிக்குக் குடிவந்த குடும்பம். வரவேற்பறைச் சுவரில் தாத்தாவின் படம் மாலையோடு தொங்குகிறது. படம் பெரியது, சட்டம் பொன்னிறம். ஆனால் அந்தப் படத்தை நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம் பேத்தியின் மனத்தில் ஒரு நெருடல். தாத்தா நாற்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். நல்ல கறுப்பு. சிரித்தால் கண்ணோரத்தில் கோடுகள் விரியும். படத்தில் இருப்பவரோ வெளுத்த முகத்தோடு, ஒரு சுருக்கமும் இல்லாமல், யாரோ ஓர் அலுவலகத்து மேலாளரைப் போல் இருக்கிறார். மரண அறிவித்தலுக்காக அவசர அவசரமாக அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கக் கொடுத்தபோது, யாரும் கேட்காமலேயே படக்கடையில் செய்து கொடுத்த உபகாரம் அது.

பேத்தி ஓவியம் பயில்பவள். பாட்டிக்கு வயது 78. தாத்தாவுக்கு நேர்ந்தது பாட்டிக்கும் நேரக்கூடாது என்று, பாட்டி உயிரோடு, கண் முன்னே உட்கார்ந்திருக்கும்போதே வரைந்துவிட முடிவு செய்கிறாள். பாட்டிக்கும் மகிழ்ச்சிதான். நல்ல சேலை கட்டி, திருநீறு பூசி, நாற்காலியில் வந்து அமர்கிறார். அமர்ந்தவுடன் மெல்லச் சொல்கிறார்:

"கண்ணு, என்னையக் கொஞ்சம் வெளுப்பாப் போடு."

இப்போது பேத்தி என்ன செய்வாள்? பாட்டியின் சொல்லைத் தட்டவும் முடியாது, தன் கண்ணை ஏமாற்றவும் முடியாது. இந்தச் சிக்கலுக்கு விடை தரும் ஒரு பழைய ஓவிய முறை இருக்கிறது. நிறம் கொண்ட தாளில் கரியாலும் வெண்சுண்ணத்தாலும் முகம் வரையும் முறை அது. இன்றைய உரை அதைப் பற்றியதுதான்.

வாசலில் தொடங்கிய பாடம்

நிறத்தாள் என்றதும் இது ஏதோ மேல்நாட்டுச் சமாச்சாரம் என்று ஒதுங்கிவிட வேண்டாம். மார்கழி மாதத்து வாசலை நினைத்துப் பாருங்கள். சாணம் தெளித்த மண் தரை. அதன் மேல் வெள்ளை மாவால் கோலம். கோலம் போடுகிறவர் தரைக்கு நிறம் பூசுவதில்லை. தரை ஏற்கெனவே இருக்கிறது. மாவு விழுந்த இடம் மட்டும் ஒளிர்கிறது. மாவு விழாத இடமும் கோலத்தில் சேர்ந்ததே. வாசல் முழுவதும் மாவைக் கொட்டினால் கோலம் ஏது?

வெள்ளைத் தாளில் கரியால் வரைகிறவருக்கு ஒரே ஒரு திசைதான். வெளிச்சத்திலிருந்து இருட்டை நோக்கித்தான் போக முடியும். அவர் கையில் கொடுக்கப்படும்போதே தாள் உச்ச வெளிச்சத்தில் இருக்கிறது. ஆகவே முகத்தில் எங்கெங்கு உச்ச வெளிச்சம் இல்லையோ, அங்கெல்லாம் கரி பூசியே தீரவேண்டும். கறுத்த முகம் என்றால் ஏறக்குறைய முகம் முழுவதையும் பூசவேண்டும். பழகாத கை பயந்துவிடும். பயந்த கை குறைவாகப் பூசும். விளைவு என்ன? தாத்தாவின் படத்துக்கு நேர்ந்த அதே வெளுப்பு.

பழுப்பு, சாம்பல், நீலம் என்று நடுத்தர நிறத்தில் தாளை எடுத்துக்கொண்டால் கணக்கு மாறிவிடுகிறது. தாள் நடுவில் நிற்கிறது. கரி ஒரு பக்கம் இருட்டுக்கு இறங்குகிறது. வெண்சுண்ணம் மறுபக்கம் வெளிச்சத்துக்கு ஏறுகிறது. முகத்தின் பெரும்பகுதி இந்த இரண்டுக்கும் இடைப்பட்டது. அந்தப் பெரும்பகுதியைத் தாளே கொடுத்துவிடுகிறது. தாளே பாதி முகம் என்பது இதனால்தான்.

நீலத் தாளின் கதை

வெனிஸ் நகரத்தில் நீலத் துணிக் கந்தல்களிலிருந்து செய்த நீலத் தாளில் வரைவது 15, 16ஆம் நூற்றாண்டுகளில் பரவலாக இருந்தது. 1505 முதல் 1507 வரை வெனிசில் தங்கியிருந்த ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் அந்தத் தாளின் அருமையை அங்கே அறிந்துகொண்டார். ஊர் திரும்பிய பிறகு, 1508இல் நீல நிறம் ஏற்றிய தாளில் அவர் வரைந்த ஒரு படத்தை நேயர்களில் பலர் பார்த்திருப்பீர்கள். கூப்பிய இரண்டு கைகள். வாழ்த்து அட்டைகளிலும் சுவர்ப் படங்களிலும் உலகெங்கும் அச்சாகும் அந்தக் கைகள் தூரிகையால், கறுப்பு மையாலும் வெள்ளை வண்ணத்தாலும் வரையப்பட்டவை. கருவி வேறு, தத்துவம் ஒன்றுதான். நிழலுக்குக் கறுப்பு, ஒளிக்கு வெள்ளை, மற்றதெல்லாம் தாள். அந்தக் கைகளின் சதையில் நடு நிறத்தைத் தாளே தருகிறது என்பதை அடுத்த முறை உற்றுப் பாருங்கள்.

பின்னாளில் பிரான்சில் பியேர் போல் புருதோன் என்ற ஓவியர் (1758–1823) நீலத் தாளில் கறுப்புச் சுண்ணத்தையும் வெள்ளைச் சுண்ணத்தையும் கொண்டு மனித உருவங்களை வரைவதில் பெயர் பெற்றார். நிலவொளியில் நிற்பவர்களைப் போல் அந்த உருவங்கள் தோன்றும். அதே நாட்டில் அவருக்கு முந்தைய தலைமுறைகளில் வாழ்ந்த அந்துவான் வாத்தோ (1684–1721), கறுப்பு, சிவப்பு, வெள்ளை ஆகிய மூன்று சுண்ணங்களால் ஒரு கறுப்பின இளைஞனின் தலையை மூன்று கோணங்களில் வரைந்தார். அது இன்று பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கறுத்த முகத்தை வெளுக்காமலும் வெறும் கறுப்பாக அப்பிவிடாமலும் வரைய முடியும் என்பதற்கு அது நல்ல சான்று.

கரி எங்கிருந்து வருகிறது?

பேராக் மாநிலத்தின் கோல செப்பெத்தாங் பக்கம் போனவர்கள் அங்குள்ள கரிச்சூளைகளைப் பார்த்திருப்பார்கள். கவிழ்த்த பெரிய பானையைப் போன்ற சூளைக்குள் மாத்தாங் காட்டின் பாக்காவ் மரக்கட்டைகளை அடுக்குவார்கள். வாயில் மூட்டும் தீயின் வெப்பத்தில் மரத்தின் ஈரமெல்லாம் வெளியேறும். பிறகு காற்றுப் புகாமல் அடைத்துவிடுவார்கள். காற்றுத் தாராளமாகக் கிடைத்தால் மரம் சாம்பலாகிவிடும், கிடைக்காததால் கரியாகிறது. அது அடுப்புக்கான கரி. ஓவியக் கரியும் இதே முறையில்தான் பிறக்கிறது. மரம் மட்டும் வேறு. திராட்சைக் கொடி, வில்லோ மரத்துச் சுள்ளி போன்ற மெல்லியவற்றைக் காற்றில்லாமல் சுட்டு எடுப்பார்கள்.

சுள்ளிக் கரி மிக மென்மையானது. விரலால் தட்டினாலே பாதி உதிர்ந்துவிடும். அது குறையல்ல, வரம். தவறிய கோட்டைத் துணியால் துடைத்துவிட்டு மீண்டும் தொடங்கலாம். அழுத்தக் கரி என்பது கரித்தூளோடு பிசின் சேர்த்து அழுத்திச் செய்தது. ஆழ்ந்த கறுப்பு தரும், எளிதில் அழியாது. ஆகவே வரிசை தெளிவு. சுள்ளிக் கரி முதலில், அழுத்தக் கரி கடைசியில். சந்தேகம் இருக்கும்வரை அழியும் கரி, உறுதி வந்த பிறகு அழியாக் கரி.

வெள்ளைக்கு ஓவியர்களுக்கான வெண்சுண்ணக் கோல் வேண்டும். கரும்பலகையில் எழுதும் வெண்கட்டி உதவாது. அது கடினமானது, தாளைக் கீறும், வெள்ளையும் மங்கலாகவே விழும். இவற்றோடு களிமண்ணைப் போல் பிசையக்கூடிய அழிப்பான் ஒன்று, தாளைச் சுருட்டிச் செய்த தேய்ப்புக் குச்சி ஒன்று, ஒரு பழைய பருத்தித் துணி. இவ்வளவுதான் தளவாடம்.

தாளுக்குச் சற்றுச் சொரசொரப்பு தேவை. வழவழப்பான தாளில் கரி நிற்காது. கடையில் பொட்டலம் கட்டும் பழுப்புத் தாளில் பழகலாம், மலிவு. ஆனால் அதில் அமிலம் உண்டு. நாளடைவில் நிறம் மாறி நொறுங்கத் தொடங்கும். பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் பார்க்கவேண்டிய படம் என்றால் அமிலமில்லாத ஓவியத் தாளே ஏற்றது.

தாளின் நிறத்தைத் தேர்வதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பயிற்சி வகுப்புகளில் வழக்கமாகக் கிடைப்பது வெளிர் பழுப்பு. அது வெளிர் முகத்துக்குப் பொருந்தும். பாட்டியின் முகத்துக்கு இன்னும் ஆழ்ந்த பழுப்பு வேண்டும். அதற்காக மிகவும் இருண்ட தாளை எடுத்தால் அதன்மேல் கரி தெரியாது. வழி எளிது. வரையப்படுகிறவரின் கன்னத்துக்கு அருகே தாள்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பாருங்கள். கண்களைப் பாதி மூடிக்கொண்டு பார்க்கும்போது, நிழலும் மினுமினுப்பும் இல்லாத கன்னப்பகுதியோடு எந்தத் தாள் கலந்து மறைகிறதோ, அதுவே அவருக்கு உரிய தாள்.

சன்னல் ஓரம்

பேத்தி பாட்டியைச் சன்னல் ஓரமாக அமர்த்துகிறாள். மேலே எரியும் குழல் விளக்கை அணைத்துவிடுகிறாள். ஒரே பக்கத்திலிருந்து, சற்று உயரத்திலிருந்து வரும் வெளிச்சமே முகத்தைத் திரட்டிக் காட்டும். நாலா பக்கமும் வெளிச்சம் இருந்தால் நிழல் இராது. நிழல் இல்லாவிட்டால் மூக்கும் கன்னமும் தட்டையாகிவிடும். படக்கடையில் நேருக்கு நேராக ஒளி பாய்ச்சி எடுக்கும் படங்களில் முகம் தோசையைப் போல் பரந்து தெரிவது இதனால்தான்.

முதலில் சுள்ளிக் கரியை அழுத்தாமல் பிடித்து, தலையின் மொத்த வடிவம். கண்ணையோ மூக்கையோ தனியாக வரையத் தொடங்கக்கூடாது. உச்சந்தலையிலிருந்து முகவாய் வரையுள்ள உயரத்தில் கண்கள் ஏறக்குறையப் பாதியில் இருக்கும். புதிதாக வரைகிறவர்கள் கண்களை மேலே ஏற்றிவிடுவார்கள், நெற்றி காணாமல் போய்விடும். நேராகப் பார்க்கும் முகத்தின் அகலம் ஏறக்குறைய ஐந்து கண்களின் அகலம். இவை பொது அளவுகள். முதியவர்களிடம் இவை சற்று மாறும். பல் விழுந்த வாயில் உதடு உள்வாங்கும், மூக்குக்கும் முகவாய்க்கும் இடையிலுள்ள தூரம் குறையும். காது மடல் நீண்டுவிடும், அதுவும் வாழ்நாள் முழுவதும் கம்மல் சுமந்த காது என்றால் சொல்லவே வேண்டாம். இந்த மாற்றங்களை அழகுக் குறைவென்று எண்ணித் திருத்தினால் வேறொருவரின் முகம் வந்துவிடும்.

அடுத்தது நிழல். கண்களைப் பாதி மூடிப் பார்த்தால் சின்னச் சின்ன விவரங்கள் மறைந்து, நிழல் ஒரே தொகுப்பாகத் தெரியும். கண்குழி, மூக்கின் ஒரு பக்கம், கீழுதட்டின் அடி, தாடையின் அடி, கழுத்து. இவை ஒன்றோடொன்று கைகோத்து நிற்கும். அந்தத் தொகுப்பை முழுதாக, ஒரே மென்மையான கரியில் இட்டுவிடவேண்டும். இந்தக் கட்டத்திலேயே ஆள் யாரென்று தெரிந்துவிட வேண்டும். தெரியாவிட்டால் எவ்வளவு சுருக்கம் வரைந்தாலும் தெரியப் போவதில்லை. தெருமுனையில் வருகிறவரை நாம் அடையாளம் காண்பது இமை மயிரைப் பார்த்தா? நிழலின் வடிவத்தைப் பார்த்துத்தானே!

அதன் பிறகு வருவதுதான் கடினமான வேலை. எதுவும் செய்யாமல் இருப்பது. கன்னத்தின் நடுப்பகுதி, நெற்றியின் பக்கங்கள், கழுத்தின் வெளிச்சப் பக்கம் ஆகியவற்றைத் தாளுக்கே விட்டுவிடவேண்டும். கை சும்மா இருக்காது. எதையாவது பூசச் சொல்லும். அந்த இடத்தில்தான் கலைஞரின் பக்குவம் தெரியும்.

கரியும் சுண்ணமும் கலக்கலாகாது

இந்த முறையில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. கரி இருக்கும் இடத்தில் வெண்சுண்ணம் படக்கூடாது. வெண்சுண்ணம் இருக்கும் இடத்தில் கரி படக்கூடாது. இரண்டும் கலந்தால் செத்துப்போன சாம்பல் நிறம் பிறக்கும். பழுப்புத் தாளின் வெதுவெதுப்புக்கு நடுவில் அது நீலம் பாய்ந்த காயம்போல் தெரியும். ஆகவே இரண்டுக்கும் இடையில் எப்போதும் ஒரு துண்டுத் தாள் தெரியவேண்டும். நிழலிலிருந்து ஒளிக்குப் போகும் பாலம் அந்தத் தாள்தான்.

இரண்டாவது தவறு வெண்சுண்ணத்தை அள்ளிப் பூசுவது. வெள்ளை கைக்கு வந்தவுடன் அதன் பளிச்சிடல் மயக்கிவிடும். நெற்றி முழுவதும் வெள்ளை, கன்னம் முழுவதும் வெள்ளை, மூக்குத் தண்டு முழுவதும் வெள்ளை என்று போய், கடைசியில் மாவு மூட்டை தூக்கியவர் முகம்போல் ஆகிவிடும். கண்ணின் வெள்ளை விழியைக்கூட வெண்சுண்ணத்தால் நிரப்பக்கூடாது. அது உருண்டை. இமையின் நிழல் அதன்மேல் விழுகிறது. முதுமையில் அது பழுப்பேறியும் இருக்கும். பெரும்பாலும் தாளின் நிறமே அதற்குப் போதும்.

பிறகு வெள்ளை எதற்கு? வெளிச்சம் நேரே விழுந்து திரும்பும் சில இடங்களுக்கு மட்டும். நெற்றி மேட்டின் ஓரம், மூக்கு நுனி, கன்ன எலும்பின் உச்சி, கீழுதட்டின் ஈரம், கருவிழியில் சன்னலின் சின்னஞ்சிறு பிரதிபலிப்பு. இவற்றிலும் ஒன்று மட்டுமே மிக உச்சம். மற்றவை அதற்கு ஒருபடி கீழேதான் நிற்கவேண்டும். வீட்டுக்கு ஒரு குத்துவிளக்கு போதும்.

கறுப்பில் ஒளி செய்யும் வேலை

இங்கேதான் பாட்டியின் வேண்டுகோளுக்கான விடை இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் அறிவியலும் துணை வருகிறது.

தோலின்மேல் விழும் ஒளி இரண்டு விதமாகத் திரும்பி வருகிறது. ஒரு பகுதி தோலின் மேற்பரப்பிலேயே பட்டுத் தெறிக்கிறது. அதுதான் மினுமினுப்பு. மறுபகுதி தோலுக்குள் நுழைந்து, சிதறி, வெளியே வருகிறது. தோலின் நிறமாக நம் கண்ணுக்குத் தெரிவது இந்த இரண்டாம் பகுதி. கறுத்த தோலில் உள்ள மெலனின் என்னும் நிறமி, உள்ளே போன ஒளியை அதிகமாக உறிஞ்சிக்கொள்கிறது. ஆனால் மேற்பரப்பில் தெறிக்கும் ஒளியை அது தொடுவதில்லை. ஆகவே வெளிர் முகத்தில் மினுமினுப்பு சுற்றுப்புறத்தோடு கலந்து மங்கிவிட, கறுத்த முகத்தில் அதே மினுமினுப்பு நட்சத்திரம்போல் எடுத்துக் காட்டுகிறது. நிறம் குறைந்த முகத்தில் ஒளி குறைவு என்று எண்ணுவது தவறு. ஒளி துல்லியமாகத் தெரிவது கறுத்த முகத்தில்தான்.

இதைப் படம் பிடிக்கும் தொழிலே நெடுங்காலம் கவனிக்கவில்லை. 1950களிலிருந்து பல பத்தாண்டுகள், வண்ணப் படங்களைக் கழுவும் கூடங்களில் நிறத்தைச் சரிபார்க்க, ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் அச்சிட்ட மாதிரி அட்டையைப் பயன்படுத்தினார்கள். அதற்கு 'ஷெர்லி அட்டை' என்று பெயர். அந்தப் பெண்ணின் தோல் சரியாக வந்தால் நிறம் சரி என்று முடிவு. கறுத்த முகங்கள் அந்தக் கணக்கில் இல்லை. கண்ணும் பல்லும் மட்டும் தெரிய, முகம் இருட்டுத் திட்டாகிப் போன பழைய குடும்பப் படங்கள் எத்தனை வீட்டு ஆல்பங்களில் இருக்கின்றன! 1990களில்தான் பல இனத்தவரின் முகங்கள் கொண்ட அட்டைகள் வரத் தொடங்கின. 'எனக்குப் படத்தில் முகம் விழாது' என்று நம் பாட்டிமார்கள் சொல்லி விலகியதன் பின்னால் இந்தக் கதையும் இருக்கிறது. குறை அவர்கள் முகத்தில் இருக்கவில்லை.

எனவே 'வெளுப்பாப் போடு' என்ற வேண்டுகோள் வெறும் ஆசையிலிருந்து மட்டும் வந்ததல்ல. கறுப்பென்று கேலி செய்த ஊர், பெண் பார்க்க வந்தவர்களின் பேச்சு, முகத்தை விழுங்கிவிட்ட படங்கள் என எல்லாம் சேர்ந்து ஒரு மூதாட்டியை அப்படிக் கேட்க வைக்கின்றன. அதைச் சிரித்து ஒதுக்கிவிடக் கூடாது. பேத்தியும் ஒதுக்கவில்லை. அவள் சொல்கிறாள்:

"போடறேன் பாட்டி. வெள்ளை நெறையவே வச்சிருக்கேன். ஆனா வெளிச்சம் படற எடத்துல மட்டும்தான் போடுவேன்."

பாட்டிக்கு அது நியாயமாகப் படுகிறது. தலையை ஆட்டிவிட்டு அசையாமல் உட்கார்ந்துகொள்கிறார்.

அலங்காரமில்லாத அன்பு

சுவரில் மாட்டும் முன்னோர் படத்தைக் கரியால் வரையும் வழக்கம் இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் சீனச் சமூகத்தினர், மறைந்த பெற்றோரின் சிறிய புகைப்படத்தைக் கொடுத்து, கட்டம் போட்டுப் பெரிதாக்கி, கரித்தூளால் உருவப்படம் வரைந்து வாங்கும் வழக்கம் இருந்தது. அதையே தொழிலாகக் கொண்டு வாழ்ந்த கைவினைஞர்கள் இருந்தார்கள். புகைப்படத்தைப் பெரிதாக்குவது எளிதானபோது அந்தத் தொழில் தேய்ந்தது. ஒரு முகத்தைப் பல நாள் உற்றுப் பார்த்து வரைவதும், சில நொடியில் பெரிதாக்கி வெளுப்பதும் ஒன்றாகுமா?

முன்பு சொன்ன டியூரருக்கே மீண்டும் வருவோம். 1514ஆம் ஆண்டு மார்ச் 19ஆம் நாள் அவர் தம் தாயார் பார்பராவைக் கரியால் வரைந்தார். தாயாருக்கு அப்போது வயது 63. பதினெட்டுப் பிள்ளைகளைப் பெற்று, பெரும்பாலானவர்களைப் பறிகொடுத்தவர். மகன் அவரை அழகுபடுத்தவில்லை. எலும்பு துருத்திய கழுத்து, குழி விழுந்த கன்னம், ஒன்றுக்கொன்று சற்று விலகிப் பார்க்கும் கண்கள், நெற்றியில் உழுத நிலம்போல் கோடுகள் என உள்ளபடியே வரைந்தார். ஐரோப்பாவின் மன்னர்களும் பிரபுக்களும் தங்களை வரையச் சொல்லிக் கேட்ட கைகள் அவருடையவை. நினைத்திருந்தால் தாயை ஓர் அரசியாக்கியிருக்கலாம். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, மே 16ஆம் நாள் அந்தத் தாய் மறைந்தார். மகன் அதே தாளில் அந்தச் செய்தியையும் குறித்து வைத்தார். ஐந்நூறு ஆண்டுகள் கடந்தும் பெர்லின் நகரத்தில் அந்தப் படம் இருக்கிறது. அதைப் பார்க்கிறவர்கள் யாரும் 'அழகில்லாத கிழவி' என்று சொல்வதில்லை. 'யாரோ பெற்ற பிள்ளை இவளை எவ்வளவு அன்பாகப் பார்த்திருக்கிறான்' என்றே நினைக்கிறார்கள்.

முடிந்த படத்தைக் காப்பது

கரியும் சுண்ணமும் தூள்தான். ஒரு தும்மலுக்குக்கூடத் தாங்காது. ஆகவே நிலைநிறுத்தும் தெளிப்பான் அடிப்பது வழக்கம். அதில் ஒரு கண்ணி உண்டு. தெளிப்பு பட்டதும் வெண்சுண்ணம் ஈரத்தில் மங்கி, பாதி காணாமல் போய்விடும். அனுபவசாலிகள் கரி வேலை முடிந்ததும், வெள்ளை வைப்பதற்கு முன்பே, காற்றோட்டமான இடத்தில் மெலிதாகத் தெளித்து உலர வைப்பார்கள். உச்ச வெள்ளையை அதற்குப் பிறகுதான் வைப்பார்கள். சட்டம் போடும்போது கண்ணாடி படத்தைத் தொடாதபடி இடையில் அட்டை வைக்கவேண்டும். பிளாஸ்டிக் கண்ணாடி கூடவே கூடாது. அதில் உண்டாகும் நிலைமின்சாரம் கரித்தூளைத் தாளிலிருந்து இழுத்துவிடும்.

பாட்டி சொன்னது

அந்த வீட்டுக்குத் திரும்புவோம். மூன்று பிற்பகல்கள் ஆகின்றன. நடுவில் பாட்டி இரண்டு முறை உறங்கிவிடுகிறார். ஒருமுறை கோப்பி கலக்க எழுந்து போய்விடுகிறார். மூன்றாம் நாள் கரி வேலை முடிந்து, தெளிப்பு உலர்ந்து, பேத்தி வெண்சுண்ணத்தைக் கூராகச் சீவி எடுக்கிறாள். நெற்றியின் மேட்டில் ஒரு தீற்றல். கன்ன எலும்பில் ஒன்று. நரைமுடியில் சன்னல் பக்கமாக நாலைந்து இழைகள். கண்ணில் ஒரு புள்ளி. நெற்றியில் திருநீறு. பழுப்பில் வெள்ளை வைப்பதை பாட்டி தினமும் தாமே செய்துகொண்டிருந்தவர் அல்லவா! அந்த மூன்று கோடும் தாளில் வெகு இயல்பாக அமர்ந்துகொள்கின்றன. கடைசியாக மூக்குத்தி. அதுதான் படத்தில் மிக உச்ச வெள்ளை. ஒரே தொடுகை.

பாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை வாங்கிப் பார்க்கிறார். கறுப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வெளுப்பைப் பற்றியும் கேட்கவில்லை. மூக்குத்தி இன்னும் கொஞ்சம் மின்னியிருக்கலாம் என்கிறார். பிறகு வெகுநேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். கடைசியில் மெதுவாகச் சொல்கிறார்:

"எங்கம்மா மாதிரி இருக்கேன்."

பாட்டியின் தாயார் தோட்டத்தில் வாழ்ந்து தோட்டத்திலேயே மறைந்தவர். ஒரு படம்கூட இல்லை. அந்த வீட்டில் வேறு யாரும் அவரைப் பார்த்ததில்லை. எழுபது ஆண்டுக்கு மேலாக ஒரு மகளின் நினைவில் மட்டும் இருந்த முகம், கொஞ்சம் கரி, அதைவிடக் கொஞ்சம் சுண்ணம், மீதிக்குத் தாள் என்று அன்று பேத்தியின் கண்ணுக்கும் தெரிந்துவிடுகிறது. கன்னத்தை வெளுத்து, சுருக்கத்தை அழித்திருந்தால் பாட்டிக்குப் படத்தில் ஒரு புதுமுகம் கிடைத்திருக்கும். தாய் கிடைத்திருக்கமாட்டார்.

நேயர்களே, உங்கள் வீட்டில் இன்று நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவர் இருந்தால், சன்னல் பக்கமாக அவரைத் திரும்பி உட்காரச் சொல்லுங்கள். விளக்கை அணையுங்கள். வரையத் தெரிந்தவர் வரையட்டும். வரையத் தெரியாதவர், வெளிச்சம் எங்கே விழுகிறது என்று ஒரு பத்து நிமிடம் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டாவது இருக்கட்டும்.